என் கையொப்பத்துக்கு மேல் ஒரு தலைப்பு

சட்டக் கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்திருக்கிறது என்பதை நான் முதன்முதலில் சொன்னது என் தங்கை அமலாவிடந்தான். தேர்வானோர் பட்டியல் ஆகஸ்டு மாதத்தின் கடைசி வெள்ளியன்று வெளியாயிற்று. செப்டம்பர் பன்னிரண்டாம் நாள் மாலை நான்கு மணிக்குள் அசல் சான்றிதழ்களோடு விழுப்புரத்தில் உள்ள கல்லூரிக்கு நேரில் வந்து சேர வேண்டும். தவறினால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்று அதில் கண்டிருந்தது.

எனக்கு வயது அறுபது. வல்லம் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழ் கற்பித்துவிட்டு, கடந்த மே மாத இறுதியில் ஓய்வு பெற்றேன். இந்த வயதில் சட்டம் எதற்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம் சிரித்து மழுப்பினேன். அமலாவுக்கு மட்டும் காரணம் தெரியும். பல ஆண்டுகளுக்கு முன், ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் திருமணத்தைத் தடுப்பதற்காகக் காவல் நிலையத்துக்குச் சென்றேன். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று அங்கிருந்தவர் கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. மறுவாரம் அந்தப் பெண்ணின் இருக்கை காலியாக இருந்தது. அன்று மாலை அமலாவிடம் சொல்லித்தான் அழுதேன்.

“யக்கா, நெஜமாவா? வக்கீலம்மா ஆவப் போறியா?” என்று தொலைபேசியிலேயே கூவினாள் அவள். “ஞாயித்துக்கெழம கெளம்பி வா. உனக்கு ஒண்ணு வாங்கி வெச்சிருக்கேன். சர்ட்டிபிகேட்டுலாம் எடுத்துக்கினு வா, மறந்துடாத.”

நான் திண்டிவனத்தில் தனியாக வாழ்கிறேன், மணம் செய்துகொள்ளவில்லை. அமலா விழுப்புரத்தில், கிழக்குப் பாண்டி சாலைக்கு உள்ளடங்கிய தெரு ஒன்றில் கணவரோடும் மகள் பானுப்ரியாவோடும் இருக்கிறாள். அமலாவுக்குக் கூட்டுறவு அலுவலகம் ஒன்றில் எழுத்தர் வேலை. பானுப்ரியாவின் கணவருக்குச் சென்னையில் பணி. அவளோ புதுச்சேரியில் ஒரு நிறுவனத்தில் வேலை பார்ப்பவள். விடுப்பு எடுத்து, பதினொரு மாதக் குழந்தையை வைத்துக்கொண்டு தாய்வீட்டிலேயே இருந்தாள்.

அந்த ஞாயிறன்று அமலா என் மடியில் வைத்தது டேப் என்னும் ஒரு கைக்கணினி; அதற்குரிய பேனாவும் உடனிருந்தது. குறிப்பெழுதும் செயலி ஒன்றை அதில் முன்னரே ஏற்றி வைத்திருந்தாள். அவள் வீட்டில் எரிவாயு உருளை பதிவு செய்வது முதல் குழந்தைக்குத் தடுப்பூசி போடுவது வரை யாவும் அந்தச் செயலியில் குறித்தபடிதான் நடக்கும்.

“இது வெறும் நோட்டு கெடையாது, பிளானரு. பாத்துக்க. இங்க பன்னெண்டு மாசம். மாசத்தத் தொட்டா அந்த மாசம் தொறக்கும். தேதியத் தொட்டா அந்த நாளுக்குப் போவும். தெரியாம எங்கனா போயிட்டேன்னா, மேல வீடு மாதிரி ஒண்ணு இருக்குது பாரு, அதத் தொடு. திரும்பி வந்துடலாம்.”

“வீட்டுக்கு வர வழி வெச்சிருக்காங்களே, அதுவே பெருசு” என்றேன்.

முகப்புப் பக்கத்தில் ‘நாள் குறிப்பு’ என்று அவள் தட்டச்சு செய்தாள். ‘நாட்குறிப்பு’ என்று திருத்தச் சொன்னேன்.

“ரிட்டயர் ஆயும் செவப்பு இங்க்க மூட மாட்டேங்குறியே! இந்தப் பேனா மை தீராது, ஆனா நீ க், ச், த், ப் போட்டே அதோட மூக்கு தேஞ்சிடும்” என்று சிரித்தபடியே திருத்தினாள்.

இருவரும் தரையில் அமர்ந்து இரண்டு மணி நேரம் அதை உருவாக்கினோம். வலப்புற ஓரத்தில் சட்டம், வீடு, உடல்நலம், பயணம் என நான்கு பட்டைகள் அமைத்தோம். பயணம் என்னும் பட்டையைத் தொட்டால், திண்டிவனத்திலிருந்து புறப்படும் தொடர்வண்டிகளின் நேரங்கள் வரும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நிறம் வேண்டும் என்றாள். “கிளாசுக்கு நீலம் வெச்சிக்க. உனக்கு நீலந்தான் எடுக்கும்” என்று அவளே தேர்ந்து கொடுத்தாள். செப்டம்பர் பதினைந்தாம் நாளைத் தொட்டு, அந்த நீலத்தில் ‘வகுப்புத் தொடக்கம்’ என்று என் கையால் எழுதினேன். எழுத்து ஏறுமாறாக விழுந்தது. ஆயினும் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்நாளில் பள்ளி மணிக்காக அன்றி எனக்காகவே நான் குறித்த முதல் நாள் அது.

கண்ணாடியின்மேல் பேனா வழுக்கியது. “பழகணும், அவ்ளோதான்” என்ற அமலா, வெற்றுப் பக்கமொன்றைத் திறந்து, திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து கிழமைகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு சிறு கட்டம் வைத்தாள். “இதுல டிக் போட்டுப் பழகு. நான் காப்பி போட்டு எடுத்தாறேன்.”

பக்கத்துக்குத் தலைப்பில்லாமல் எழுதும் வழக்கம் எனக்கில்லை. மேலே ‘பயிற்சி’ என்று எழுதினேன். ஐந்து கட்டங்களிலும் குறியிட்டேன். முடித்ததும், கை தானாகவே கீழே இறங்கி, ‘ப.இ.’ என்று சுருக்கொப்பம் இட்டு நாளையும் எழுதியது. பச்சைமுத்து மகள் இளவரசி என்பதன் சுருக்கம் அது. ஆசிரியராக இருந்தவர்கள் இதை அறிவார்கள். தலைமையாசிரியர் அறையிலிருந்து சுற்றறிக்கை வரும். மாற்று வகுப்புப் பதிவேடு வரும். வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு கையில் சுண்ணக்கட்டியும் மறு கையில் பேனாவுமாக ஒப்பமிட்டு அனுப்புவோம். ‘பார்த்தேன்’ என்பதே அதன் பொருள். ‘இசைந்தேன்’ என்பதன்று.

காப்பியோடு வந்த அமலா அதைப் பார்த்து, “டிக் போடச் சொன்னா கையெழுத்தும் போட்டு வெச்சிருக்குது பாரு” என்றாள். பிறகு என் சான்றிதழ்க் கோப்பை வாங்கிக்கொண்டாள். “ஆபீஸ்ல நல்ல ஸ்கேனர் இருக்குது. எல்லாத்தையும் எடுத்து உன் சட்டம் பக்கத்துலயே சேத்துடுறேன். சேர்றதுக்கு எப்டியும் இங்கதானே வரணும், அப்ப வாங்கிக்க. உன் பிளானர எனக்கும் ஷேர் பண்ணிக்கினேன். எதனா தப்பாப் போச்சுன்னா இங்கேருந்தே சரி பண்ணிடுவேன்.”

தங்கையிடம் கொடுப்பதற்கு ரசீது கேட்பார் உண்டோ? கொடுத்தேன்.

செப்டம்பர் பதினொன்றாம் நாள், வியாழக்கிழமை காலை. மறுநாள் கல்லூரிக்கு எடுத்துச் செல்ல வேண்டியவற்றைப் பட்டியலிடலாம் என்று பிளானரைத் திறந்து செப்டம்பர் மாதத்தைத் தொட்டேன். பதினைந்தாம் நாளில் என் நீல வரி இருந்தது. அதற்கு மேலே, நான் எழுதாத இளஞ்சிவப்பு வரி ஒன்றும் இருந்தது: ‘8.30 – 5.30 பாப்பா (அக்கா)’. பதினாறிலும் அதுவே, பதினேழிலும் அதுவே. அக்டோபரைத் திறந்தேன். சனி, ஞாயிறு நீங்கலாக எல்லா நாள்களிலும் இளஞ்சிவப்பு. அடுத்த ஆகஸ்டு வரை அப்படித்தான்.

என் கை எங்கேயோ பட்டு, அமலாவின் குறிப்புகள் என்னுடையவற்றோடு கலந்துவிட்டன என்றே முதலில் எண்ணினேன். அவற்றுள் ஒன்றைத் தொட்டேன். ஒரு பக்கம் திறந்தது.

அமலாவின் உருண்டை எழுத்தில், ‘அக்கா ஒத்துக்கொண்டது – 15 முதல் பாப்பாவைப் பார்த்துக்கொள்ள’ என்று தலைப்பு. அதன்கீழ் ஐந்து கிழமைகள், ஐந்து கட்டங்கள், ஐந்து குறிகள். அடியில் ‘ப.இ.’, நாள் முப்பத்தொன்று, எட்டு.

தலைப்பை உற்றுப் பார்த்தேன். அழிப்பான் கொண்டு என் ‘பயிற்சி’யைத் துடைத்திருக்கிறாள். ஆனால் முழுவதும் போகவில்லை. ஈற்றிலிருந்த ‘சி’யின் மேற்கொக்கி மட்டும், அவள் எழுதிய ‘து’வுக்கும் கோட்டுக்கும் இடையே, நீலமாக நின்றுகொண்டிருந்தது. எழுதாத தாளில் கையெழுத்திடாதீர்கள் என்று ஆண்டுதோறும் பத்தாம் வகுப்பு மாணவியருக்குச் சொல்லி அனுப்பியவள் நான்.

அவளைத் தொலைபேசியில் அழைக்கவில்லை. நண்பகல் வண்டியில் ஏறினேன். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி என்று வண்டி நின்று நின்று போயிற்று. அவள் வேடிக்கைக்காகச் செய்திருக்கலாம், பானுப்ரியா எழுதியிருக்கலாம், நான் சொன்ன எதையோ அவர்கள் தவறாகப் புரிந்துகொண்டிருக்கலாம். முண்டியம்பாக்கம் வரும் வரையில் இப்படி மூன்று காரணங்கள் வைத்திருந்தேன்.

அமலா வேலையிலிருந்து திரும்பவில்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் குப்பம்மாள் கதவைத் திறந்தாள்.

“வாங்க டீச்சரம்மா. நாளையோட நான் நின்னுக்குறேன், இனிமே நீங்கதான் பாத்துப்பீங்களாமே! நல்லதாப் போச்சு, சொந்த ரத்தம் பாத்துக்கினா அது வேறதான். இப்பவே சொல்லிடுறேன், காலைல பத்து மணிக்குக் கேப்பக் கூழு. சக்கர போட்டீங்கன்னா துப்பிடும், லேசா உப்புதான். கூழு உள்ள போனாத்தான் தூங்கும். இல்லன்னா ஒரே பேஜாரு.”

உள்ளேயிருந்து வந்த பானுப்ரியா, குழந்தையை என் கையில் கொடுத்தாள். அவள் முகம் மலர்ந்திருந்தது.

“பெரியம்மா, உங்களுக்கு எப்டித் தேங்க்ஸ் சொல்றதுன்னே தெரியல. திங்கக்கெழம ஜாயின் பண்றேன்னு ஆபீசுக்கு மெயில் அனுப்பிட்டேன். காலேஜ அடுத்த வருசம் பாத்துக்குறேன்னு சொல்லிட்டீங்களாமே? நான்கூட வேணாம்னுதான் சொன்னேன். அம்மாதான், அக்காவே ஆசப்பட்டு ஒத்துக்கினா, பாரு கையெழுத்தே போட்டுக் குடுத்திருக்கான்னு பிளானர்ல காட்டுனாங்க.”

அந்த மூன்று காரணங்களும் அத்துடன் தீர்ந்தன. குழந்தை என் மூக்குக் கண்ணாடியைப் பிடித்து இழுத்தது. அதன் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தேன். “உங்க அம்மா வரட்டும்” என்று மட்டும் சொன்னேன்.

ஐந்தே முக்காலுக்கு அமலா வந்தாள். என்னைக் கண்டதும் வாசலிலேயே ஒரு கணம் நின்றாள். பிறகு, “இன்னாக்கா, நாளைக்குத்தானே? ஒரு போனாவது பண்ணக் கூடாது?” என்றபடி பையை நாற்காலியில் வைத்தாள்.

டேப்பைத் திறந்து அந்தப் பக்கத்தை அவள்முன் நீட்டினேன். “இது என்ன அமலா?”

“இன்னா இன்னா? நீதானே டிக் போட்டே. கையெழுத்து உன்னுதுதானே?”

“கையெழுத்து என்னுதுதான். தலப்பு யாருது?”

பானுப்ரியா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அமலா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“சரி, நான்தான் எழுதுனேன். இப்ப இன்னான்ற? ஒரு வருசம். ஒரே ஒரு வருசம். உன் காலேஜு ஓடியா போயிடப் போவுது? இவ போவலன்னா இவ வேல போயிடும். ஆயாவ நம்பி எவ்ளோ நாளு உட்றது? நீ திண்டிவனத்துல ஒண்டியாச் சொவத்தப் பாத்துக்கினு இருக்குற.”

“என்னைக் கேட்டிருக்கலாமே அமலா.”

“கேட்டா நீ முடியாதுன்னு சொல்லுவ. அதான் கேக்கல.”

இதை அவள் உரக்கச் சொல்லவில்லை. பேருந்து வராது என்பதைச் சொல்வதுபோலச் சொன்னாள். நாற்காலியில் இருந்த அவள் பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

“அம்மா படுக்கைல கெடந்தாங்களே ஆறு வருசம்,” அவள் தொடர்ந்தாள். “யாரு பாத்துக்கினா? நீ ஞாயித்துக்கெழம ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கினு வந்து பக்கத்துல ஒக்காந்துட்டு நாலு மணி வண்டிக்குப் போயிடுவ. அப்ப இன்னா சொன்ன? ‘பிள்ளைங்க பரிட்சைடி அமலா.’ ஒருதபா நான் எதனா சொன்னனா? உன்ன எதனா கேட்டனா?”

அவள் சொன்னதில் பொய் இல்லை. அந்த ஆறு ஆண்டுகளை எண்ணி நான் தலைகுனியாத நாளும் இல்லை. அதைச் சொல்லி என்னை அழைத்திருந்தால், ஒருவேளை வந்திருப்பேன். வந்திருக்கமாட்டேனோ? தெரியவில்லை. அதற்கு விடை காணும் வாய்ப்பைக்கூட அவள் எனக்குத் தரவில்லை. அழித்துவிட்டு எழுதிக்கொண்டாள். என் வகுப்புக்கு நீலத்தைத் தேர்ந்து கொடுத்த அதே மணி நேரத்தில், அந்த நாளுக்குரிய இளஞ்சிவப்பும் அவள் மனத்தில் இருந்திருக்கிறது.

“என் பைலக் குடு” என்றேன்.

“பீரோவுல இருக்குது. சாவிய அவரு எடுத்துக்கினு கண்டாச்சிபுரம் போயிட்டாரு. கல்யாண வேல. நாளைக்குச் சாயங்காலந்தான் வருவாரு.”

“எத்தன மணிக்கு?”

“அஞ்சு, ஆறு ஆவும்.”

நான்கு மணிக்குப் பின் எனக்கு அந்தக் கோப்பு வெறுந்தாள். அவளுக்கும் அது தெரியும். என் முகத்தைப் பாராமல் குழந்தையின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

“இன்னாம்மா சொல்ற?” என்றாள் பானுப்ரியா. “அந்த நீலக் கலர் பைலுதானே? என் ரூம்ல, பாப்பா துணிக்கு அடியிலல்ல வெச்சிருக்க? நான்கூட இது இன்னாத்துக்கு இங்கன்னு கேட்டனே?”

அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த குப்பம்மாள் குழாயை நிறுத்திவிட்டாள்.

பானுப்ரியா உள்ளே சென்று கோப்பை எடுத்து வந்தாள். உடனே என்னிடம் தரவில்லை. மார்போடு அணைத்தபடி நின்றாள்.

“நேராச் சொல்லுங்க பெரியம்மா. நீங்க சரின்னு சொல்லவே இல்லியா?”

“சொல்லலம்மா. என்னை யாரும் கேக்கல.”

அவள் தாயின் பக்கம் திரும்பினாள். “ஏம்மா, பெரியம்மா மனசார வர்றாங்கன்னு நெனச்சிதானே நான் ஆயாவ நிறுத்துனேன்? இப்ப திங்கக்கெழம நான் யார்கிட்டம்மா உட்டுட்டுப் போவேன்?”

“உனக்காகத்தான்டி பண்ணேன்!” என்று அமலா கத்தினாள். கத்தியபின் அழுதாள். குழந்தையும் அழுதது.

“எனக்காகன்னு இனிமே யாரும் ஒண்ணும் பண்ணாதீங்க” என்ற பானுப்ரியா, கோப்பை என் கையில் வைத்தாள். “எண்ணிப் பாத்துக்குங்க பெரியம்மா.”

எண்ணிப் பார்த்தேன். தங்கை வீட்டு நடுக்கூடத்தில், அவள் கண்ணெதிரே, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம், சாதிச் சான்றிதழ் என்று ஒவ்வொரு தாளாகப் புரட்டிச் சரிபார்த்தேன். வாழ்வில் நான் செய்தவற்றுள் அதைக் காட்டிலும் இழிவாக எனக்குத் தோன்றியது வேறில்லை. ஆயினும் கடைசித் தாள் வரை பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கே கல்லூரியில் இருந்தேன். சேர்க்கைப் பிரிவில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்து, “பொண்ணு வரலியாம்மா? பொண்ணு நேர்ல வரணுமே” என்றார்.

“பொண்ணு நான்தான் சார். வந்திருக்கேன்.”

அவர் கோப்பையும் என்னையும் பார்த்தார். சிரிக்காமல் இருக்க முயன்றார். பிறகு எழுந்து எனக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போட்டார். பன்னிரண்டு மணிக்கெல்லாம் சேர்க்கை முடிந்தது. அடையாள எண் எழுதிய சீட்டைக் கையில் வாங்கியபோது வர வேண்டிய மகிழ்ச்சி, எங்கோ பாதி வழியில் நின்றுவிட்டது. இதைச் சொல்வதற்கு எனக்கு இருந்த ஒரே ஆளிடம் இனி இதைச் சொல்ல முடியாது.

வெளியே வேப்பமர நிழலில் ஒரு சிமெண்டு இருக்கை. அமர்ந்து முதலில் பானுப்ரியாவை அழைத்தேன்.

“சேந்துட்டேம்மா. திங்கக்கெழமையிலேருந்து வகுப்பு. என் வாயால சொல்லணும்னுதான் கூப்ட்டேன்.”

“சரி பெரியம்மா. குப்பம்மா ஆயா காலு கையில உழுந்து கேட்டிருக்கேன், யோசிச்சிச் சொல்றேன்னிருக்காங்க.” சற்று நிறுத்தினாள். “உங்க மேல கோவம் இல்ல. ஆனா இப்ப பேச முடியல.” வைத்துவிட்டாள்.

பிளானரைத் திறந்தேன். பதினைந்தாம் நாளில் இருந்த இளஞ்சிவப்பு வரியை நீக்க முயன்றேன். ‘இதை நீக்க உங்களுக்கு அனுமதி இல்லை. உரிமையாளரிடம் கேட்கவும்’ என்று வந்தது. உரிமையாளர் பெயரைத் தொட்டுப் பார்த்தேன். அமலா பிரேம்குமார். அவள் என் பிளானரைத் தனக்குப் பகிர்ந்துகொள்ளவில்லை; தன் பிளானரில் எனக்கு ஓர் இடம் ஒதுக்கியிருந்தாள். நான் எழுதிய வகுப்புத் தொடக்கம், தொடர்வண்டி நேரங்கள், வாங்க வேண்டிய நூல்களின் பட்டியல் எல்லாமே அவள் உடைமை.

கீழே இரண்டு வழிகள் காட்டப்பட்டன: அனுமதி கேட்க, வெளியேற. வெளியேறினால் இதிலுள்ள எந்தப் பக்கமும் இனி எனக்குக் கிடைக்காது என்று எச்சரித்தது. அந்த எச்சரிக்கையை இருமுறை, ஒவ்வொரு சொல்லாக, நிறுத்திப் படித்தேன். பிறகு வெளியேறினேன்.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அமலாவின் அழைப்பு வந்தது. குரல் கம்மியிருந்தது.

“யக்கா, பிளானர்லேருந்து நீ வெளிய போயிட்டதாக் காட்டுது. கை எதனா பட்டுச்சா?”

“இல்ல அமலா. படிச்சிப் பாத்துட்டுத்தான் அழுத்துனேன்.”